பனிமலையில் பன்னிரண்டு மாத வாடகை

வாடகை வீடு என்பது நம்மவர்களுக்குப் புதிய விஷயமல்ல. சென்னையில் குடித்தனம் செய்தவர்களைக் கேட்டால் வீட்டுக்கார அம்மாளின் குணவிசேஷம், கிணற்றுத் தண்ணீரின் உப்பு, கொடுத்த முன்பணம் திரும்பி வராத கதை என்று ஒரு புராணமே சொல்வார்கள். ஆனால் பட்டணத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வாடகை கொடுத்துக்கொண்டு, வருஷத்தில் ஐம்பது அறுபது நாள் போய்த் தங்குவதற்காக மலைமேல் உள்ள மற்றொரு வீட்டுக்கும் பன்னிரண்டு மாத வாடகை கொடுப்பவர்களைப் பற்றி நேயர்கள் என்ன நினைப்பார்கள்? பணத்தை எங்கே போடுவதென்று தெரியாத பிரபுக்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் அவ்விதம் செய்கிறவர்கள் அநேகர். அவர்களில் பள்ளிக்கூட உபாத்தியாயர் உண்டு; ரயில்வே சிப்பந்தி உண்டு; ஆஸ்பத்திரித் தாதி உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய கணக்கு என்ன, அந்தக் கணக்கில் மலை ஜனங்களுக்கு உண்டாகும் லாப நஷ்டம் என்ன என்பதை ஒரே ஒரு பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் அனிவியே. ரோன் நதி பாயும் வாலே மாகாணத்தில் இருக்கிறது. ஜெனிவாவில் ரயில் ஏறினால், லெமான் ஏரிக்கரை ஓரமாகவே வந்து, பிறகு ரோன் நதியை எதிர்த்துச் சென்று, ஸியேர் என்னும் ஊரில் இறங்கலாம். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,750 அடி உயரத்தில், நாலு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. அங்கே மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்துக்கொண்டிருக்கும். பாறையைக் குடைந்த பாதையில் வளைந்து வளைந்து ஏறும் இந்தப் பஸ், எதிரே வண்டி வருவது தெரியாத திருப்பங்களில் மூன்று ஸ்வரங்களில் ஊதுகிறது. ரோஸ்ஸினி என்ற இத்தாலிய சங்கீத வித்வான் இயற்றிய 'வில்லியம் டெல்' இசை நாடகத்திலிருந்து எடுத்த ஸ்வரங்கள் அவை. சுதந்திர வீரன் ஒருவனுடைய பெயரைச் சொல்லி ஊதும்போது வழிவிட்டு ஒதுங்குவதற்கு யாருக்குத்தான் ஆட்சேபம் இருக்கும்!

விஸ்வா என்னும் கிராமத்தில் பாதைகள் பிரிகின்றன. ஒரு சரிவில் கிரிமென்ட்ஸ். எதிர்ச் சரிவில் ஸேன் லுக். பள்ளத்தாக்கின் கோடியில் ஸினால். எல்லாவற்றுக்கும் மேலே, சுமார் 6,400 அடி உயரத்தில், ஷாண்டோலான். இது உதகமண்டலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் அடி தாழ்வுதான். ஆனாலும் உதகையில் மார்கழி விடியற்காலையில் புல்லின் நுனியில் உறைந்து, வெயில் பட்டவுடன் மறைந்துவிடும் பனி, இங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்து பங்குனி வரையில் கிடக்கிறது. பூமத்திய ரேகை நமக்குச் செய்திருக்கும் உபகாரத்தை நாம் வேண்டிய அளவுக்கு நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்த ஊர்களில் உள்ள மரவீட்டுக்கு 'ஷாலே' என்று பெயர். நம் ஊர் வெற்றிலைப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் அச்சடித்து வரும் படங்களில் இந்த வீட்டைப் பலர் பார்த்திருக்கலாம்: அகன்ற கூரை, செதுக்கு வேலைப்பாடு உள்ள தாழ்வாரம், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூத்தொட்டி. வார்த்தையின் பழைய பொருள் இவ்வளவு அலங்காரமானதல்ல. கோடையில் மாடு மேய்ப்பவன் மலைமேல் தங்கிப் பாலாடைக்கட்டி காய்ச்சும் குடிசைக்கே மலை ஜனங்கள் ஷாலே என்று சொல்லிவந்தார்கள். ரூஸோ 1761ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'ஜூலி' என்ற நாவல் அந்தச் சொல்லை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று. பிறகு பட்டணத்துக் கனவான்கள் அதற்குச் செதுக்கு வேலையும் பூத்தொட்டியும் சேர்த்தார்கள். 1896ல் ஜெனிவாவிலும் 1900ல் பாரிஸிலும் நடந்த பொருட்காட்சிகளில் ஒரு முழு 'ஸ்விஸ் கிராமத்தை'யே கட்டிக் காட்டினார்கள். மாட்டுக்காரனுடைய குடிசை இவ்விதம் மகாராஜாவாகிவிட்டது.

அனிவியே வீடுகள் அந்தப் பொருட்காட்சி வீடுகளைவிட அழகானவை என்பது நமது அபிப்பிராயம். அழகுக்காக அவற்றில் எதுவும் செய்யப்படவில்லை. லார்ச் என்ற மரத்தைச் சதுரமாக அறுத்து, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்கியிருக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த மரம் நமது வீட்டு அடுப்படிச் சுவரைப் போலக் கறுத்துப் போயிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே தானியக் களஞ்சியம், நாலு கால்களின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் அகலமான வட்டக்கல் ஒன்றைப் பலகைபோல் செருகியிருக்கிறார்கள். எலி காலைப் பற்றி ஏறி வரலாம். கல்லின் அடிப்புறத்தில் தலைகீழாக நடக்க அதனால் முடியாது. விலை உயர்ந்த துணிமணி, தஸ்தாவேஜு முதலியவற்றை வீட்டில் வைக்காமல் தனியாகச் சிறு அறை கட்டி அதில் வைப்பார்கள். நெருப்புப் பயந்தான் காரணம். ஸேன் லுக் கிராமம் 1845ல் ஒரு தடவையும் 1858ல் மறு தடவையும் எரிந்து போயிற்று.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லவேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடு என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பட்டணத்தார் கொண்டுவந்த வழக்கமல்ல. பழைய அனிவியே குடியானவனுக்கு மூன்று நாலு வீடு இருந்தது. கிராமத்தில் ஒன்று, கீழே ஸியேரில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒன்று, கிராமத்துக்கு மேலே, வசந்த காலத்துப் புல் முளைக்கும் சரிவில் ஒன்று. இந்த மூன்றாவது வீட்டுக்கு மே மாதத்தின் பெயரை ஒட்டி 'மாயென்' என்று பெயர். அதற்கும் மேலே, கோடை மேய்ச்சல் நிலத்திலுள்ள பொதுக் குடிசையில் ஒரு பங்கு. குளிர்கால இறுதியில் கொடிகளுக்கு வேலை செய்வதற்காக ஊரே திரண்டு ஸியேருக்கு இறங்கும். கோவேறு கழுதைமேல் பாத்திரம் பண்டம், தொட்டிலில் குழந்தை, பின்னால் பாதிரியார், உபாத்தியாயர் என்று எல்லோரும் புறப்படுவார்கள். பள்ளிக்கூடமும் கூடவே இறங்கிவிடும். தோட்டத்தில் குழலும் முரசும் முழங்க மண்ணைக் கொத்துவார்கள். பிறகு மேலே கிராமத்துக்கு, மே மாதத்தில் மாயெனுக்கு, கோடை பிறந்ததும் மாடுகள் உச்சிக்கு, செப்டம்பரில் இறக்கம், அறுவடைக்கு மறுபடியும் ஸியேர். சூரியன் மலைமேல் ஏறி இறங்குவதை அனுசரித்து ஒரு ஜன சமூகம் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வீடுகள் அதிகமாக இருந்தனவே ஒழிய அவர்கள் பணக்காரர்களல்லர். பாகப்பிரிவினையில் ஒரே வீட்டின் கீழ்த்தளம் அண்ணனுக்கும் மேல்தளம் தம்பிக்கும் போகும். ஒரு கோவேறு கழுதையில் கால் பங்கு என்றுகூடச் சொத்து உண்டு. அந்தக் கால் பங்கு முன்னங்காலா பின்னங்காலா என்பதைப் பற்றி வழக்கு வராமலிருந்தது பெரிய காரியம். பாசனக் கால்வாய், பாதை, ரொட்டி சுடும் அடுப்பு எல்லாம் பொது. கிரிமென்ட்ஸ் கிராமத்துப் பொது வீட்டின் நிலவறையில் லார்ச் மரப் பீப்பாய்களில் 'பனியாற்று மது' என்று ஒரு திராட்சை ரசம் இருக்கிறது. ஒரு பீப்பாயில் 1886ஆம் வருஷத்தில் தொடங்கிய ரசத்தை இதுவரையில் முழுவதும் காலி செய்ததில்லை. எடுத்த அளவுக்குப் புதியதை ஊற்றி நிரப்பி வருகிறார்கள். அது விலைக்குக் கிடைக்காது. மதுவிலக்கில் பற்றுள்ள நாம் அதைச் சுவைத்தோமில்லை. ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பாத்திரத்தை வறள விடாமல் ஒரு கிராமம் காத்து வருகிறது என்பதைக் கேட்டுத் தலை அசைத்தோம்.

பிறகு காலம் மாறிற்று. ஸியேரிலும் அதற்கப்பாலும் தொழிற்சாலைகள் வந்தன. மேலே பனிச்சறுக்கு விளையாட்டுக்காகக் கம்பிவடத் தொட்டில்கள் வந்தன. குடியானவன் மாட்டை விற்று மேஸ்திரியானான், தச்சனானான், பனிச்சறுக்கு ஆசிரியனானான். மாயென் குடிசைகளுக்குப் பட்டணத்தார் விலை கேட்டார்கள். புதிய ஷாலேக்களும் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸிலும், பிப்ரவரி விடுமுறையிலும், ஆகஸ்டிலும் திறக்கும். மற்ற நாளெல்லாம் மூடிக் கிடக்கும். நவம்பர் மாதத்தில் சாயங்காலம் எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் நூறு வீடுகள் தெரியும். விளக்கெரிவது பத்து வீட்டில் இருந்தால் அதிகம். இப்படிக் கிடக்கும் வீடுகளுக்கு அந்தத் தேசத்தார் 'குளிர்ந்த படுக்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படுக்கை குளிர்ந்திருந்தாலும் கிராமம் அதற்குக் குடிநீர்க் குழாய் போடவேண்டும், சாக்கடை கட்டவேண்டும், பனியை வழித்துப் பாதை திறந்து வைக்கவேண்டும். கூட்டம் வரும் அந்த மூன்று வாரங்களின் தேவைக்குத் தக்கபடி எல்லாவற்றையும் பெரிதாகச் செய்துவிட்டு, மற்ற வாரங்களில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அந்த ஊரிலேயே பிறந்த வாலிபன், கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் போட வீடு தேடினால், பட்டணத்து விலையைக் கேட்டு மயங்கி விழுகிறான்.

இதற்குப் பரிகாரம் தேடி 2012ஆம் வருஷம் மார்ச்சு 11ஆந் தேதி தேசம் முழுவதும் சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. ஒரு ஊராட்சியிலுள்ள வீடுகளில் நூற்றுக்கு 20க்கு மேல் இத்தகைய இரண்டாம் வீடுகளாக இருக்கக்கூடாது என்பது பிரேரணை. நூற்றுக்கு 50.6 பேர் ஆதரித்ததால் மயிரிழையில் நிறைவேறிற்று. அதற்கான சட்டம் 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. நேயர்கள் இதைக் கேட்டு, மலை ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடியிருப்பார்கள் என்று எண்ணலாம். வாலே மாகாணத்தில் வோட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் எதிர்த்தார்கள்! "எங்கள் மலை அழகாக இருக்கவேண்டும் என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள், எங்கள் தச்சர்களும் கொத்தர்களும் எதைச் சாப்பிடுவது?" என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. இன்னொரு விநோதமும் நேர்ந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே கட்டப்பட்ட வீடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆகையால் புதிது கட்ட முடியாத இடத்தில் பழைய வீட்டுக்குக் கிராக்கி ஏறி, ஊரார் குடியிருந்துவந்த வீடும் பட்டணத்தார் கைக்குப் போவதற்கு வழி ஏற்பட்டது.

எப்படியிருந்தாலும், ஒரு தேசத்தின் மலைமேல் யார் வீடு கட்டலாம் என்பதை அந்தத் தேசத்து ஜனங்களே வாக்குப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் அந்நியர் அங்கே வீடு வாங்குவதற்கு அனுமதி பெறவேண்டும் என்று 1983லேயே சட்டம் செய்திருக்கிறார்கள். நம் நீலகிரியில் ஜான் ஸல்லிவன் துரை 1822ல் கல் பங்களாக் கட்டத் தொடங்கியபோது, தோடர்களிடமும் படகர்களிடமும் யாரும் வோட்டுப் பெட்டியை நீட்டவில்லை. பிறகு சென்னை கவர்னரும் காரியதரிசிகளும் கோடைக்குக் கோடை காகிதக் கட்டுகளோடு உதகைக்குக் குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள் போகவில்லை. 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஹைக்கோர்ட்டு உத்தரவு செய்யும் அளவுக்குக் கூட்டம் வந்துவிட்டது.

அனிவியேக்குத் திரும்புவோம். வீடு வாங்கச் சக்தி இல்லாதவர்களுக்கும், வாங்கிப் பூட்டி வைக்க மனமில்லாதவர்களுக்கும் இருக்கும் வழிதான் வருஷ வாடகை. வீட்டுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் பக்கத்துப் பட்டணத்தில் இருப்பார். அல்லது காலமாகியிருப்பார், வாரிசுகள் நாலைந்து பேர் இருப்பார்கள். வாரத்துக்கு வாரம் புதுப்புது விருந்தாளிகளை ஏற்றி, படுக்கை விரிப்பை வெளுத்து, சாவி கொடுத்து வாங்குவதற்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் நல்ல விலை கிடைக்கும். அந்த ஒரு வார வாடகை, வருஷக் குடித்தனக்காரரின் ஒரு மாத வாடகையை எட்டிவிடுவதும் தாண்டிவிடுவதும் உண்டு. ஆனால் நவம்பரிலும், ஈஸ்டர் கழிந்து ஜூன் வரையிலும் சீந்துவாரில்லை. நிச்சயமான பன்னிரண்டு மாதப் பணம் கொஞ்சம் குறைந்தாலும் நிம்மதி என்று நினைக்கும் சொந்தக்காரர்களே இப்படிக் கொடுக்கிறார்கள்.

சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்படாத விடுமுறை வாடகைக்குக் குடித்தனக்காரருக்குரிய சட்டப் பாதுகாப்பு கிடையாது. வருஷ வாடகையோ அந்த வரம்பைத் தாண்டியது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் சொந்தக்காரர் தம் பையில் போட்டுக்கொள்ளாமல், குடித்தனக்காரர் பெயரிலேயே பாங்கியில் கட்டவேண்டும். (சென்னை வாசிகள் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கலாம்.) காலி செய்யச் சொல்ல மூன்று மாத நோட்டீசு. வீடு கைமாறினாலும் ஒப்பந்தம் வாங்குபவரைச் சேருமே தவிர ரத்தாகாது. ஆனால் வாங்கியவர் தமக்கே அவசரமாக வேண்டும் என்று நிரூபித்தால், ஒப்பந்தக் கெடு முடிவதற்கு முன்பே சட்டப்படி நோட்டீசு கொடுக்கலாம்.

வாடகையோடு செலவு முடிந்துவிட்டதாக எண்ணுகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே தெளிவடைகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இறங்கும்போது குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயை வெடித்துவிடும். ஆகவே ஊருக்குப் போகும்போது ஒன்று குழாய்களிலிருந்த தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டுப் போகவேண்டும். அல்லது ஆளில்லாத வீட்டுக்குக் கணப்புப் போட்டு வைக்கவேண்டும். 1960, 70களில் கட்டிய பல ஷாலேக்களில் மின்சாரக் கணப்புத்தான். சீட்டு வரும்போது வீட்டிலுள்ளவர்களுக்கு வேர்த்துவிடும். புகைபோக்கியைத் துடைப்பவருக்குக் கூலி, வண்டி நிறுத்தப் பனி வழிப்பவருக்குக் கூலி, ஊராட்சிக்கு விருந்தாளி வரி, குப்பை போடுவதற்குக்கூட விலை கொடுத்து வாங்கிய பை. வீடு பார்க்கப் போகும்போது ஆகஸ்டில் போகாமல் ஜனவரியில் போகவேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் யோசனை. அப்போதுதான் பஸ் எதுவரை வருகிறது, வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது, அந்த மாயெனுக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் உண்டா என்பதெல்லாம் தெரியும். கிரிமென்ட்ஸ் பக்கம் காலை வெயில். ஸேன் லுக், ஷாண்டோலான் பக்கம் மாலை வெயில். பனிச்சரிவு அபாயத்தைச் சிவப்பு, நீலம் என்று குறித்த படம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அதையும் பார்க்கவேண்டும்.

லோஸான் நகரத்தில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தார் இந்தப் பள்ளத்தாக்கில் சிறு ஷாலே ஒன்றை வருஷ வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அழைப்பின் பேரில் நவம்பர் மாதத்தில் நாம் அங்கே நாலு நாள் தங்கினோம். இலங்கையில் 1983ஆம் வருஷத்து வன்செயல்களுக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் ஒருவர் குடும்பத் தலைவர். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர், இப்போது ஓர் ஆஸ்பத்திரிச் சமையலுக்குப் பொறுப்பாளர். இரண்டு தங்கைகளும் அதே நகரத்தில் இருக்கிறார்கள். மூன்று குடும்பமும் வாடகையைப் பகிர்ந்து கொள்கின்றன. வாரக் கடைசியில் யார் வருவது என்பதைச் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி சொல்கிறது. நாம் போனபோது மூன்று வர்ணங்களில் எழுதியிருந்த அந்த நாட்காட்டியில் வெற்றிடம் வெகு சிலவே இருந்தன.

கூடத்தின் நடுவில் அந்த மாகாணத்துக்கே உரிய கல் அடுப்பு. மென்மையான ஒருவகைக் கல்லைச் செதுக்கிச் செய்தது. கட்டியவருடைய தலையெழுத்துக்களும் வருஷமும் அதில் பொறித்திருக்கின்றன. ஒரு தடவை நன்றாக விறகு வைத்து எரித்துவிட்டால் கல் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு இராத்திரி முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பூட்டியிருந்த வீட்டில் அந்தக் கல் சூடேற ஒரு பகலாகும். ஆகையால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலில் வருபவர்கள் குல்லாயைக் கழற்றுவதில்லை. மறுநாள் வருபவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொள்கிறார்கள். முறை வைத்து மாற்றிக்கொள்ளாவிட்டால் தங்கைமார் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்றார் வீட்டுக்காரர்.

அந்த வீட்டின் உண்மையான எஜமானி அவருடைய தாயார். எண்பதைத் தாண்டியவர். முழங்காலில் கம்பளி சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "குளிர்காலத்தில் இங்கே வருவது சிரமமாக இல்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"சிரமந்தான் தம்பி. ஆனால் வீட்டைப் பூட்டிப் போட்டு வைச்சிருக்கக் கூடாது. ஆள் புழங்காத வீடு கெதியாப் பழுதாப் போம்" என்றார். சற்றுப் பொறுத்து, "எங்கட வீட்டுக்குள்ள நாங்கள் 27 வருஷம் கால் வைக்கேல்லை. போய்ப் பார்த்தால் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணத்தடியில ஆலமரம் வளர்ந்து நிக்குது" என்றார்.

அவர் சொன்னது வலிகாமம் வடக்கில் உள்ள வீடு. 1990ல் யுத்தத்தின்போது அந்தப் பிரதேசத்து ஜனங்கள் வெளியேற நேர்ந்தது. இராணுவம் நிலத்தை உயர் பாதுகாப்பு வலயமாக வைத்துக்கொண்டது. நெடுங்காலத்துக்குப் பிறகு பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மகன் அதைப் பற்றிப் பேச விரும்பாமல் விறகு எடுத்துவர எழுந்து போனார். பேத்தி மட்டும், "அம்மம்மா இங்க வந்தால் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவா, நாங்கள் பின்னாலேயே போய் மூடிக்கொண்டு வருவம்" என்று சிரித்தாள்.

அந்தக் குடும்பத்தார் நவம்பரில் வருவதால் கிராமத்துக்கு என்ன லாபம்? ரொட்டிக் கடைக்காரர் அவர்களுக்காகச் சனிக்கிழமை இரண்டு ரொட்டி அதிகம் சுடுகிறார். பஸ்ஸில் மூன்று பேர் கூடுதலாக ஏறுகிறார்கள். அடுத்த வீட்டு விதவை, அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரியாவிட்டால் டெலிபோன் செய்து விசாரிக்கிறாள். கோடையில் கால்வாயைத் தூர்வாரப் பொது வேலைக்கு அழைத்தபோது அண்ணனும் மைத்துனரும் மண்வெட்டியோடு போயிருக்கிறார்கள்; வேலைக்குப் பிறகு கிராமத்தார் பாலாடைக்கட்டியை உருக்கி வழித்துக் கொடுத்தார்களாம், இவர்கள் வடை கொண்டுபோனார்களாம். இவையெல்லாம் அற்ப விஷயங்கள்தாம். ஆனால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் வந்து, சாமானையெல்லாம் பட்டணத்துக் கடையிலேயே வாங்கி வண்டியில் ஏற்றிவரும் சொந்தக்காரர்கள் செய்யாத விஷயங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தால் இந்தத் தமிழ்க் குடும்பமும் இரண்டாம் வீட்டுக்காரர்கள்தான். புள்ளி விவரத்தில் அப்படியேதான் எண்ணப்படுவார்கள். பழைய அனிவியே குடியானவனுடைய நாலு வீட்டையும் எந்தப் புள்ளி விவரக்காரனும் குளிர்ந்த படுக்கை என்று எழுதியிருக்க முடியாது. அந்தந்த வீட்டில் அந்தந்த மாதத்துக்கு ஒரு வேலை இருந்தது.

பாதிரியார் கோவிலுக்கு மேலே ஷாண்டோலான் கிராமத்தில் இன்னொரு வீடு உண்டு. தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மாயார் என்ற குடும்பப் பெயருடைய எல்லா அம்மையார் ஜெனிவாவில் 1903ல் பிறந்தவர். 1935ல் பீக்கிங்கிலிருந்து காஷ்மீர் வரையில் பாலைவனத்தைக் கடந்து பிரயாணம் செய்து புகழ்பெற்ற யாத்திரீகர். இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களை அவர் நம் தென்னாட்டில் கழித்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் சந்நிதியில் வெகுகாலம் இருந்தார். யுத்தம் முடிந்து திரும்பியதும், உலகமெல்லாம் பார்த்த அந்த அம்மாள் வசிப்பதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இந்த மலைக் கிராமம். அங்கே கட்டிய ஷாலேக்கு அருணாசலத்தை நினைவூட்டும் 'அச்சலா' என்ற பெயரை வைத்தார். வருஷத்தில் பாதி அங்கேதான் வாழ்ந்தார். 1997ல் அங்கேயே காலமானார். கிராமத்துப் பழைய ஜபக்கூடத்தில் இப்போது அவருக்கு ஒரு சிறு கண்காட்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேத்தி நம்மை அழைத்துப் போய்க் காட்டினாள். அவள் பாட்டியார் ஜன்னல் கண்ணாடி வழியே எதிரேயுள்ள பனிச் சிகரங்களைப் பார்த்து, "திருவண்ணாமலையை விடப் பெரிசு, ஆனால் சுத்தி வரேலாது" என்று தீர்ப்புச் சொன்னதாகவும் தெரிவித்தாள்.

நாம் புறப்படுவதற்கு முதல் நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார். வாரிசுகள் ஐந்து பேர். அவர்களில் மூவர் விற்றுவிட வேண்டும் என்கிறார்களாம்; 2012க்கு முன்பு கட்டிய வீடாகையால் எவருக்கு வேண்டுமானாலும் இரண்டாம் வீடாக விற்கலாம், நல்ல விலை வரும். ஒப்பந்தம் வருகிற செப்டம்பர் முடிய இருக்கிறது. அதற்குள் தங்களால் வாங்க இயலுமா என்று கேட்டிருந்தார்கள். மூன்று குடும்பமும் அன்றிரவு கணக்குப் பார்த்தன. பாங்கியில் எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும், மூத்த பெண்ணின் படிப்புக்கு எவ்வளவு என்று காகிதத்தில் எழுதினார்கள். கூட்டிய தொகைக்கும் கேட்ட தொகைக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வண்டி விறகு வந்து இறங்கிற்று. கோடையிலேயே சொல்லி வைத்திருந்தது. பச்சை விறகு, நன்றாகக் காய்ந்து எரிவதற்கு இரண்டு வருஷம் பிடிக்கும். வேண்டாமென்று திருப்பி அனுப்பலாமா என்று இளைய தங்கை கேட்டாள். அண்ணன் பதில் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு போய், தெற்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்கினார். வெட்டு முகம் வெளியே தெரிய, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் காற்றோட இடம் விட்டு அடுக்க வேண்டும். பஸ் வருகிற நேரம்வரையில் நாமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது பாதி அடுக்கியாகியிருந்தது.